கல்யாண வாசலுக்கு ஒரு புத்தகம்

7 செப்டம்பர் 2024, சனி

இன்றும் வகுப்புக்குப் போனேன். சேர்ந்தது என் மனைவி கலாதேவி. மூன்று மாதத்துக்குப் பணம் கட்டிவிட்டு, ஒரே வாரத்தில் "எனக்குப் பொறுமை இல்லைங்க, பசையெல்லாம் நகத்துல ஒட்டுது" என்று நின்றுவிட்டாள். கட்டியது வீணாகலாமா? நான் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் குனோங் ராபாட் ஊர் மண்டபத்தில் மேசை நிறையப் பெண்கள், நடுவில் பள்ளி பஸ் ஓட்டும் உடையப்பன், அதாவது நான்.

வேலை இதுதான். வெறும் நோட்டுப் புத்தகத்தின் அட்டையைப் பூக்காகிதம், ரிப்பன், லேஸ், ஸ்டிக்கர், முத்திரை மை எல்லாம் வைத்து அலங்கரிக்க வேண்டும். கேட்டால் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். செய்து பார்க்கட்டும், தெரியும்! ஆசிரியை மிஸ் வோங் இன்று என் புத்தகத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். ரிப்பன் ஓரத்தில் ஓர் இழை பிரியவில்லை. பஸ் டயர் மாற்றுகிற கை இது. எனக்கே நம்ப முடியவில்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

அந்தப் புத்தகத்தைத் தொலைக்காட்சிப் பெட்டி மேல் நிறுத்தி வைத்தேன். கலாதேவி இரண்டு தடவை எடுத்து உள்ளே வைத்தாள். நானும் இரண்டு தடவை எடுத்து வெளியே வைத்தேன்.

21 செப்டம்பர், சனி

முடிவு செய்துவிட்டேன். நவம்பரில் மகள் தினேஸ்வரிக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி, இரவு மண்டபத்தில் விருந்து. வருகிறவர்கள் வாசலில் வாழ்த்து எழுதுகிற புத்தகத்தை நானே செய்யப் போகிறேன். வகுப்பில் சொன்னேன். பக்கத்து நாற்காலி டோரிஸ், "அண்ணே, மகளுக்குச் செஞ்சிட்டு எங்கள மறந்துறாதீங்கலா, என் பேத்தி ஞானஸ்நானம் வருது" என்றார். இப்போதே ஆர்டர்!

28 செப்டம்பர், சனி

பெரிய வெள்ளைப் புத்தகமாக வாங்கி, காலையில் நாலு மூலைக்கும் மஞ்சள் குழைத்துத் தடவினேன். கல்யாணக் காரியம், மஞ்சள் வைக்காமல் எதைத் தொடங்குவது? பத்திரிகைக்கு வைப்பதில்லையா?

வகுப்பில் அட்டையெல்லாம் பசை அப்பிவிட்டது. மிஸ் வோங் மேசை துடைக்கிற சோப்புத் தண்ணீரைக் கொடுத்தார். துடைத்தேன். மூலைகள் சிவந்தன! அப்படியே ரத்தம். என் பொண்ணு கல்யாணப் புத்தகம்யா அது! டோரிஸ்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

மிஸ் வோங்குக்குத்தான் ஒரே சந்தோஷம். சிவப்பு ராசியான நிறமாம், இந்த மை எந்தக் கடையில் கிடைக்கும் என்று மலாயில் கேட்டார். அப்புறம்தான் என் மண்டைக்கு எட்டியது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவக்காமல் என்ன செய்யும்? சோப்பும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது. குங்குமமே அதுதானே. கடையில் கிடைக்காது மிஸ், என் வீட்டு அடுப்படியில்தான் கிடைக்கும் என்றேன். சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

2 அக்டோபர், புதன்

நினைத்தது வந்துவிட்டது! அட்டைக்கு வாங்கிய தடித்த காகிதம் முழுக்க மஞ்சள் தண்ணீர் பூசிக் காயவைத்தேன். அதன் மேல் ரப்பர் மரத்து இலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்புத் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றினேன். இலையை எடுத்தால், சிவப்புக்கு நடுவே மூன்று விரல் விரித்த மாதிரி மஞ்சள் இலை. மாங்காய் வடிவம், மயில் எல்லாம் எல்லாரும் போடுவார்கள். நான் சிலிம் ரிவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன், எனக்கு இதுதான்.

கலாதேவி நின்று பார்த்தாள். "வெத்தலைக்கு வச்சிருந்த சுண்ணாம்பக் காலி பண்ணியாச்சா?" என்றாள். ஆனால் நகரவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

12 அக்டோபர், சனி

தினேஸ்வரியிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

நன்றாக இருக்கிறதாம். ஆனால் மண்டபம் அலங்கரிக்கிறவர்களே ஒரு புத்தகம் தருகிறார்களாம். எல்லாமே பீச் கலராம். சரி, நிறம் பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். அதோடு நின்றிருக்கலாம். கலாதேவிதான் கிளறினாள். "உண்மையச் சொல்லுடி."

"யாரு செஞ்சதுன்னு கேப்பாங்கம்மா. அப்பா பொம்பளைங்களோட உக்காந்து பூ ஒட்டுறாருன்னு நான் எப்படிச் சொல்றது? கட்டிக்கப் போற வீட்டுல மாமாவெல்லாம் சிரிப்பாங்கலா."

நான் எழுந்து பஸ் கழுவப் போனேன். கொட்டுகிற மழையில் எவனாவது பஸ் கழுவுவானா? நான் கழுவினேன். சிரிக்கட்டுமே! நான் என்ன திருடப் போனேனா? குடிச்சிட்டு ரோட்டுல விழுந்து கெடந்தேனா? பூ ஒட்டுனேன். பெத்த பொண்ணுக்காக ஒட்டுனேன்.

13 அக்டோபர், ஞாயிறு

வாசலில் வை என்று கெஞ்ச மாட்டேன். ஆனால் முடிக்காமலும் விடமாட்டேன்.

20 அக்டோபர், ஞாயிறு

புத்தகம் நேற்றே முடிந்தது. உள்பக்கங்களுக்கும் ஓரத்தில் ஒரு சின்ன இலை. சாப்பாட்டு மேசையில் ஒரு மூலையாக வைத்திருந்தேன்.

இன்று மூன்று பேரும் உட்கார்ந்து பத்திரிகைக்கு மஞ்சள் வைத்தோம். முடிந்ததும் தினேஸ்வரி கை கழுவப் போனாள். "அப்பா, இங்க வாங்க!" என்று கத்தல். ஓடினேன். சோப்பு பட்டு விரல் நுனியெல்லாம் சிவந்து நிற்கிறாள்.

"மஞ்சளுக்குச் சோப்பு பட்டா அப்படித்தான்மா."

"அப்ப அந்த அட்டை? அது கடையில வாங்குன பேப்பர் இல்லையா? எல்லாம் நீங்களேவா?"

தலையாட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பிறகு புத்தகத்தைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். எதற்கு? சொல்லவில்லை.

23 நவம்பர், சனி

நாளைக்குக் கல்யாணம். அலங்காரக்காரர் வாசல் மேசையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பீச் துணி, பீச் பூ, நடுவில் பீச் புத்தகம். கலாதேவி, "ஒரு வார்த்த கேளுங்களேன்" என்றாள். மாட்டேன். மகள் நாளைக்குச் சிரித்த முகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனாலும் வலிக்கிறது.

25 நவம்பர், திங்கள்

நேற்று தாலி நல்லபடியாக ஏறியது. என் மகள் மகாலட்சுமி மாதிரி இருந்தாள்.

இரவு வாசலில் நின்று எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மேசையில் என் புத்தகம்! பீச் புத்தகத்தைக் காணோம். பொருந்தவே இல்லை. பீச்சுக்கு நடுவே என் சிவப்பு பளிச்சென்று நிற்கிறது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் யாரும் எழுதவில்லை. சிலிம் ரிவரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அட்டையில் மஞ்சளையும் குங்கும நிறத்தையும் பார்த்துச் சாமி புத்தகம் என்று நினைத்துவிட்டார்கள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போகிறார்கள். அவர்களைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் அப்படியே. ஓர் அம்மா பத்து வெள்ளி நோட்டைக் காணிக்கையாகக்கூட வைத்தார். நான் செய்தது, எழுதுங்கள் என்று நானே எப்படிச் சொல்வது? அதுவும் மாப்பிள்ளையின் அப்பா ஐயாவு பக்கத்தில் நிற்கும்போது?

பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். தினேஸ்வரி புத்தகத்தைத் திறந்தாள். வெறும் பக்கம். பேனாவை எடுத்து நேராக ஐயாவுவிடம் நீட்டினாள்.

"மாமா, இது சாமி புத்தகம் இல்ல. எங்கப்பா சொந்தக் கையால செஞ்சது. சனிக்கிழமை சனிக்கிழமை கிளாஸ் போயி கத்துக்கிட்டு செஞ்சாரு. நீங்கதான் மொதல்ல எழுதணும்."

வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அவர் சிரித்தாரா? தெரியாது. நான் அங்கே நிற்கவில்லை. வெளியே போய், ஒழுங்காகக் கார் நிறுத்தியிருந்த ஒரு மனிதரைச் சரியாக நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

30 நவம்பர், சனி

வகுப்பில் இன்று இன்னோர் ஆண். சம்பந்தி ஐயாவு. சிம்பாங் பூலாயிலிருந்து மோட்டார் சைக்கிளில், கையில் ஒரு வெறும் நோட்டும் வீட்டுக் கத்தரிக்கோலுமாக வந்து நின்றார். "பென்ஷன் வாங்கிட்டு வீட்டுல சும்மா உக்காந்திருக்கேன் சம்பந்தி. எனக்கும் ஒரு நாற்காலி கெடைக்குமா?"

நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டேன். முதல் லேஸையே கோணலாக ஒட்டிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பெண்ணைக் கொடுத்த இடம். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.