ராவுத்தர் ஹோட்டலில் தனிப் பீங்கான்

லுணுகலை
9.2.1925

ஜனாப் இத்ரூஸ் அவர்களுக்கு ஹாஷிம் எழுதுவது. ஸலாம்.

தாங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். எனக்கு, நேற்று ராவுத்தர் ஹோட்டலில் தின்றது இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

தங்கள் தங்கையை எனக்குப் பேசி முடித்த சந்தோஷத்துக்கு விருந்து என் பொறுப்பு, பதுளையிலேயே பெரிய இடத்தில்தான் என்று துள்ளியவன் நான். மேல்மாடி, ஆளுயரக் கண்ணாடி, கை கழுவப் பன்னீர், மதராஸிலிருந்து வரவழைத்த சமையற்காரன். என் மாமாவையும் நம் கூட்டாளிமாரையும் பாயில் உட்கார வைத்து, ஆறு பேரும் ஒன்றாகக் கை வைத்துத் தின்ன பெரிய சஹன் தட்டில் புரியாணி வந்து இறங்கியது. அப்போது தாங்கள் சொன்னது என்ன? "எனக்குத் தனியா ஒரு பீங்கான் தாங்க."

புடவைக் கடை வடிவேலுக்குத் தனி இலை போட்டார்கள். அவர் சைவம், யாரும் தப்பாக எடுக்கவில்லை. தாங்கள் எப்போது சைவமானீர்கள்? நம் ஆட்களில் ஒரே சஹனில் கை வைக்க மறுக்கிறவன் பகையாளி. "நம்ம கையில என்ன அசிங்கமா?" என்று மாமா எழும்பப் பார்த்தார். நான்தான் அவர் தொடையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

என் வாப்பா தலையில் மூட்டை சுமந்து தோட்டத்து லயம் லயமாய்த் துணி விற்றவர்தான். அந்த வீட்டுக் கை பட்ட சோறு தங்கள் தொண்டையில் இறங்காது என்றால், தங்கள் தங்கை றம்ஸியா அந்த வீட்டில் எப்படிச் சோறு தின்பாள்? மாமா கல்யாணத்தை முறிக்கச் சொல்கிறார். காரணம் எழுதுங்கள்.

ஹாஷிம்


பதுளை
12.2.1925

என் மச்சான் ஹாஷிமுக்கு ஸலாம்.

'தாங்கள்' என்று எழுத எங்கேயடா படித்தாய்? ஓதப்பள்ளியில் ஒரே பாயில் இருந்து, எனக்கு விழ வேண்டிய அடியையும் சேர்த்து வாங்கியவன் நீ. அப்போதெல்லாம் 'அடேய்' தானே?

வயிறு சரியில்லை, வேறொன்றுமில்லை. உன் வாப்பாவின் மூட்டையைப் பற்றி நான் நினைத்தேன் என்று நீ எழுதியதுதான் சுட்டுவிட்டது. எங்கள் வாப்பா மவுத்தான வீட்டுக்கு உன் உம்மா ஆக்கி அனுப்பிய சோற்றில்தான் நானும் றம்ஸியாவும் உயிர் பிழைத்துக் கிடந்தோம். மாமா காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். கல்யாணத்தை முறிக்காதே. மாப்பிள்ளை வீட்டார் முறித்துப் போட்ட பெண்ணை இந்தப் பதுளையில் எவன் கேட்டு வருவான்?

உன்
இத்ரூஸ்


லுணுகலை
16.2.1925

ஜனாப் இத்ரூஸ் அவர்களுக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள். வயிறு சரியில்லாதவன் மறுபடி மறுபடி கேட்டு வாங்கித் தின்ன மாட்டான். பக்கத்தில் இருந்த வடிவேலே கேட்டார், "இவருக்கு சஹன்தான் ஆகாதா, சோறு ஆகுதே?" என்று. என்னால் தலை தூக்க முடியவில்லை.

உம்மா அழுதபடி இருக்கிறா. 27ந் தேதி வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும் மாமா பள்ளிவாசல் மரைக்காரிடம் சொல்லிக் கல்யாணத்தை முறிக்கப் போகிறார். நான் தடுக்கப் போவதில்லை.

ஹாஷிம்


பதுளை
19.2.1925

ஹாஷிம்,

இதைத் தனியே இருந்து வாசி. வாசித்ததும் அடுப்பில் போடு.

எனக்குச் சயரோகம். கண்டிக்குக் கடைச் சாமான் எடுக்கப் போனேன் என்று சொன்னது பொய். இருமலில் ரத்தம் கண்டு டாக்டரிடம் போனேன். நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, கோப்பை, பீங்கான், படுக்கை எல்லாம் தனியாக வேண்டும், மற்றவர் சோற்றில் கை வைக்கக் கூடாது என்றார்.

விருந்துக்கு வராமல் இருந்தால் பெண் வீட்டான் வரவில்லை என்று பேச்சு வரும். வந்தேன். சஹன் நடுவில் வந்து இறங்கியது. கை வைத்தால் உங்களுக்குக் கேடு, வைக்காவிட்டால் றம்ஸியாவுக்குக் கேடு. வைத்துத் தொலைப்போம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்டா. அந்த நேரம் பார்த்து நீ நல்ல இறைச்சித் துண்டாகப் பிய்த்து என் பக்கம் தள்ளினாய். அதற்குப் பிறகு சஹனில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் சோறு எனக்குப் பிடிக்கும் என்று காட்டத்தான் மறுபடி மறுபடி வாங்கித் தின்றேன். கடைக்கு வந்து எல்லாவற்றையும் கக்கினேன்.

றம்ஸியாவுக்கு ஒரு தும்மல்கூட இல்லை, அல்லாஹ் மேல் ஆணை. நோய் தெரிந்த நாள் முதல் கள்ளர் பயம் என்று சொல்லிக் கடையிலேயே படுக்கிறேன். இது வெளியே போனால் 'சயரோகக் குடும்பம்' என்று ஆயுசுக்கும் அவளை எவனும் கட்ட மாட்டான். என் காலம் முடிந்தால் அவளுக்கு யாரடா இருக்கிறார்கள்? ஆனாலும் உன்னிடம் மறைத்துக் கட்டித் தர என்னால் முடியவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஊருக்குக் காரணம் சொல்லும்போது என் திமிரைச் சொல். நோயைச் சொல்லாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இத்ரூஸ்


பதுளை
24.2.1925

ஹாஷிம்,

தபால்காரன் வரும் நேரமெல்லாம் கடை வாசலில் நிற்கிறேன். ஏசியாவது எழுது.

நேற்று றம்ஸியா, "நானா, லுணுகலையில இருந்து ஏதும் சேதி வந்திச்சா?" என்று கேட்டாள். நல்ல சேதிதான் என்றேன். சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். வெள்ளிக்கிழமைக்கு முன் அல்லாஹ்வுக்காக ஒரு வரி எழுது.

இத்ரூஸ்


லுணுகலை
27.2.1925

மச்சான் இத்ரூஸ்,

உன் கடிதம் கண்ட பிறகு கடை திறக்க மனமில்லை. உனக்காக அழுதேனா, எனக்காகப் பயந்தேனா என்று கேட்டால், இரண்டும்தான். கல்யாணமே வேண்டாம் என்றும் நினைத்தேன். உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

இன்று ஜும்மா முடிந்து மாமா மரைக்காரிடம் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "பொண்ண நான் கட்டுவேன். அவட நானாவுக்குத்தான் திமிர். அவர் என் வீட்டுப் படி மிதிக்கப்படாது, என்னோட ஒரு சஹன்ல உட்காரவும் படாது!" என்று பள்ளிவாசல் முற்றத்தில் எல்லாரும் கேட்கக் கத்தினேன். மாமா என் முதுகில் தட்டிக் கொடுத்தார். இனி நாம் ஊரறிந்த பகையாளிகள். நீ ஏன் தனியே தின்கிறாய், தங்கை வீட்டுப் பக்கம் ஏன் வருவதில்லை என்று எவனும் கேட்கப் போவதில்லை.

றம்ஸியாவுக்கும் சொல்ல மாட்டேன். சொன்னால் உன்னிடம் ஓடி வந்துவிடுவாள். நாளைக்கு அவளே உன்னை ஏசுவாள், நானும் கூடச் சேர்ந்து ஏச வேண்டி வரும். பொறுத்துக்கொள். கடிதமும் இத்தோடு போதும். பகையாளிக்கு எவன் கடிதம் எழுதுகிறான்? நீ மருந்தை மட்டும் விடாதே.

நிக்காஹ் நோன்புக்கு முன், குறித்த நாளிலேயே நடக்கும். உங்கள் வாப்பா இல்லாததால் பெண்ணைக் கொடுக்க வேண்டியவன் நீதான். ஓதி வைக்கும் லெப்பை உன் கையையும் என் கையையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்வார். அதை மாமாவாலும் தடுக்க முடியாது. நீ முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள், நானும் வைத்துக்கொள்கிறேன். அவர் ஓதி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் என் கையை விடாதே.

ஹாஷிம்