மேலாளரின் கடைவாய்ப்பல்

இல்லை அம்மா, இப்போது வலி இல்லை. பல்லுக்கு ரூட் கேனால் வைத்தியம் நல்லபடியாக முடிந்தது. மாத்திரை போட்டு, தலையை உயர்த்திப் படுத்தால் சுகமாகத் தூக்கம் வருகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அப்பாவின் இருமல்?

எங்கள் மேலாளரைச் சிடுமூஞ்சி என்போம். எனக்குச் சிகிச்சை முடிந்த அன்று அவள் விடுப்புத் தரவில்லை. "பல்லுக்குத்தானே வைத்தியம், நாக்குக்கு இல்லையே. வந்து போனை எடும்மா" என்றாள். மரத்த வாயோடு வாடிக்கையாளர்களிடம் நாள் முழுக்கக் குழறினேன். சிரித்தார்கள்.

இன்று காலை அவளுக்கும் கடைவாயில் அதே வைத்தியம் என்று நேற்று ஆபீசில் சொன்னார்கள். "லீவு போடணுமா? ரொம்பக் கஷ்டமா இருக்குமா?" என்று என்னிடம் குழைந்தாள்.

"ஒண்ணுமே இல்ல மேடம். நேரா ஆபீசுக்கே வந்துடலாம்" என்றேன்.

நம்பி வந்துவிட்டாள். இதோ, கோணிய வாயைக் கைக்குட்டையால் மூடியபடி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் போதுமான அளவுக்கு இல்லை.

உன் தலையணை உறை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம், உன் வாசனை போய்விடும். போன் அடிக்கிறது, நிறுத்துகிறேன்.

பி.கு.: தலைமை அலுவலகம்தான். "உங்களுக்குத்தான் மேடம்" என்று அவளிடம் நீட்டினேன்.