மச்சானைத் தூக்கிய கொசுவும் என் ஜன்னலோரச் சிம்மாசனமும்

ஜூலை 7, திங்கள்

காலையில் தூறல். குடை பன்னீர் வீட்டில்.

இந்த நோட்டில் இனி எழுதப்போவதை ஒரு மனிதப்பிறவியும் நம்பாது என்று குலதெய்வத்தின் மேல் ஆணையாக உறுதி கூறித் தொடங்குகிறேன். நம்பாதவர்களுக்கும் எம் ஆசி உண்டு.

செய்தி: காலை ரயிலின் நாலாவது பெட்டியை இருபத்திரண்டு வருடமாக ஆண்டுவரும் எமது அரசு ஆட்டம் காண்கிறது.

பன்னீர் ஏறுவது மாரிக்குப்பத்தில். ரயில் கிளம்புகிற இடம், பெட்டி காலி. எங்கள் ஐந்து பேருக்கும் அவன்தான் துண்டு போடுவான். துண்டு விழுந்த சீட்டில் தேவேந்திரனே வந்தாலும் நின்றுகொண்டுதான் வரவேண்டும். சில ஸ்டேஷன் தள்ளி, கோரமண்டல் ஸ்டேஷனில் நான் ஏறி ஜன்னலோரம் அமர்வேன். பங்காருப்பேட்டை தாண்டியதும் கதை ஆரம்பம். பெங்களூர் நெருங்கும்வரை என் கதை மட்டும். அதன்பிறகுதான் அபார்ட்மென்டில் ஒயர்மேன் வேலை. (அங்கே சூரியன் எனக்கு அசிஸ்டென்ட்.)

இன்று ஆறாவதாக ஒரு துண்டு. சிவப்புக் கட்டம். எனக்கு எதிர் ஜன்னல்.

"யாருக்குடா?"

"நம்ம திபாகருக்கு மாமா. டைல்ஸ் வேலை, நாளெல்லாம் முட்டி போட்டுகினே கீறாரு. ரயில்லயாவது குந்தட்டுமே."

திபாகர் எங்கள் பழைய சுரங்கக் குவார்ட்டர்ஸ் லைனின் கடைசி வீட்டுக்கு மார்ச்சில் குடிவந்த ஒடிசாக்காரன். நாற்பது வயது. வேலை பெங்களூரில், அங்கே வாடகை கட்ட முடியாமல் தூங்க மட்டும் இங்கே. இனி தி. என்றே எழுதுவேன். முழுப் பெயருக்கு மை செலவழிக்க மனமில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். ரயில் பத்து நிமிடம் லேட்.

என் இட்லிக் கதையை அவிழ்த்தேன். தாத்தா வேலை செய்த தங்கச் சுரங்கத்தில், ஷாஃப்டின் அடியில் அப்படி ஒரு சூடு. காலையில் ஆள் இறங்குகிற கேஜில், அந்த இரும்புக் கூண்டில், மாவை இறக்கினால் மேலே வரும்போது இட்லி. ஷிஃப்டுக்கு இருநூறு பேர் சாப்பிட்டார்கள். சிரித்தது மூன்று பேர். அதில் ஒருவன் இருமியிருக்கலாம்.

அப்போது தி. வாயைத் திறந்தான். நாலு மாதத் தமிழ்.

"எங்க ஊர்ல கொசு பெரிசு மாமா. என் மச்சானைத் தூக்கினு பூட்ச்சி. மூணு மாசம் ஆளே இல்ல. பொண்டாட்டி ஒரே அழுகை. அப்பறம் சூரத்துலேர்ந்து போன். 'இங்க மில்லுல வேலை நல்லா கீது, நீயும் ஒரு கொசு பாத்து ஏறி வா'ன்றான்."

பெட்டியே குலுங்கியது. தண்டவாளம் இரண்டு அங்குலம் நகர்ந்துவிட்டதாகக் கேள்வி.

"நீ இன்னா கொசுவுல வந்தே?" என்று யாரோ.

"நானா? கொசு ஃபுல். நின்னுகினே வந்தேன்."

பன்னீர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இருபத்திரண்டு வருடத்தில் என் கதைக்கு அவன் துடைத்தது மூக்கை மட்டும்.

பொறாமையா? எனக்கா? சக்கரவர்த்திகளுக்கு அது வருவதில்லை. வயிறு எரிவதற்குக் காரணம் நேற்றைய மிளகாய் பஜ்ஜி.

ஜூலை 9, புதன்

வாங்க வேண்டியவை: டெஸ்டர். இன்சுலேஷன் டேப். வீட்டுக்காரி தனத்துக்கு முட்டிவலித் தைலம்.

மூலைக்கடையில் ஒடிசாக்காரர்களுக்காகக் கடுகெண்ணெய் வரிசையாக. எங்கள் லைனில் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த நாலு வீட்டில் விளக்கு. "இவங்க வந்தப்புறந்தான் மாமா கடைக்கே உசுரு வந்துச்சி" என்கிறான் கடைக்காரன். சரி. நாங்கள் தினமும் போய்ப் பெங்களூரை எழுப்புகிறோம், இவர்கள் வந்து எங்கள் ஊரை நிரப்புகிறார்கள். வீட்டை எடுத்துக்கொள்ளட்டும், எண்ணெயை எடுத்துக்கொள்ளட்டும். கதையையுமா?

தனம் என்னைக் கேட்காமல் தி.க்குக் குருமா அனுப்பியிருக்கிறாள். கிண்ணம் பாயசத்தோடு திரும்பி வந்தது.

"ஆம்பள கையா இது! இன்னா பக்குவம் பாரு."

ருசி பார்த்தேன். மோசம். இரண்டாவது தடவையும் மோசம். கிண்ணம் காலியாகும்வரை மோசம்.

ஜூலை 10, வியாழன்

மேகமூட்டம்.

செய்தேன். கோரமண்டலில் முண்டியடித்து முதலில் ஏறி, எதிர் சீட்டிலிருந்த சிவப்புக் கட்டத் துண்டைச் சுருட்டி என் சாப்பாட்டுப் பைக்குள் போட்டேன். பன்னீர் வாசல் பக்கம் பேசிக்கொண்டிருந்தான். யாரும் பார்க்கவில்லை.

அந்த சீட்டில் எங்கள் ஊரில் பெயின்ட் கடை வைத்திருக்கும் ஒரு தடித்த ஆள் உட்கார்ந்தார். பின்னாலேயே தி.

"அண்ணா, இங்க நம்ம துண்டு இருந்துச்சி..."

"துண்டா? எங்கய்யா துண்டு? எங்கேர்ந்தோ வர்றீங்க, வீட்டப் புடிக்கிறீங்க, சீட்டையும் புடிக்கிறீங்க. போ, அப்பால நில்லு."

நான் வாயைத் திறந்திருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

தி. பெங்களூர்வரை நின்றான்.

சாயங்காலம் தனத்திடம், ஏதோ பார்த்த செய்தி போல, அந்த ஆள் பேசியதைச் சொன்னேன்.

"யாரு, பெயின்ட் கடைக்காரரா? அவரே போன வருசந்தான் ஆந்திராவுல குப்பத்துலேர்ந்து வந்து கடை போட்டாரு. உங்க பாட்டன் மட்டும் இன்னா, இங்கயே மொளைச்சாரா? ஆற்காட்டுலேர்ந்து மூட்டை தூக்கினு வந்தவருதானே. சரி, நீங்க அந்தாளை இன்னா கேட்டீங்க?"

கரண்ட் போய்விட்டது என்று எழுந்து வெளியே போனேன். கரண்ட் போகவில்லை.

ஜூலை 11, வெள்ளி

தி. எங்கள் பெட்டிக்கு வரவில்லை. கடைசிப் பெட்டியில் ஏறியதைப் பார்த்தேன். எதிர் ஜன்னல் காலி. அரியணை முழுக்க எனக்கே.

பங்காருப்பேட்டை தாண்டியதும் தொண்டையைச் செருமினேன்.

"மாமா," என்றான் பன்னீர், "இட்லி செவ்வாக்கெழமையே வெந்துடுச்சி. வுடுங்க."

எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ரயில் ஓடுகிற சத்தம் கேட்டேன். நாராசம்.

ஜூலை 12, சனி

லீவு. நல்ல வெயில், துணி சீக்கிரம் காய்ந்தது.

சாயங்காலம் கடைசி வீட்டுக் கதவைத் தட்டினேன். தி. மாவு பிசைந்துகொண்டிருந்தான். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே ஆரம்பித்தேன்:

வியாழக்கிழமை கோரமண்டலில் ஒரு குரங்கு ஏறியது. ஆறடி. உன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டது. டிடிஆரிடம் சீசன் டிக்கெட் காட்டியது. "நான் இருபத்திரண்டு வருசமா இந்தப் பெட்டிக்குச் சக்கரவர்த்தி, புதுசா எவன்டா சிரிக்க வைக்கிறது?" என்று பல்லைக் கடித்தது. பிறகு மூன்று நாளாக அதற்குச் சோறு இறங்கவில்லை.

தி. மாவுக்கையோடு என்னையே பார்த்தான்.

"குரங்குக்கு மீசை இருந்துச்சா மாமா?"

"இருந்தது. நரைத்த மீசை."

"அழுதுச்சா?"

"குரங்குகள் அழுவதில்லை."

அவன் கைமாவைத் தட்டினான். அப்புறம் கதவை அகலத் திறந்தான். "அடுப்புல ரொட்டி கருகுது. உள்ள வந்து சொல்லு. குரங்கு அப்பறம் இன்னா பண்ச்சு?"

நாலு ரொட்டி தின்னும்வரை சொன்னேன். குரங்கு பொய். சீசன் டிக்கெட் பொய். துண்டை நானே தோய்த்து, இஸ்திரி போட்டு, மடித்து எடுத்துப்போனேன். அது மட்டும் நிஜம்.