ஹரீஷுக்காக ஒரு பொருத்தனை

ஓசூர்
ஞாயிறு மதியம்

அன்பு மகள் மேகலாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே மூன்று பேரும் சுகம், நீ சுகமில்லை என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது, அதனால் விசாரிக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியதால் இரண்டு நாள் கம்பெனி பஸ் சுற்றிப் போனது, அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, வேறு செய்தி இல்லை.

தம்பி ஹரீஷ் குடியை விடும்வரை ஒருவேளைதான் சாப்பிடுவேன், கல்யாணமும் வேண்டாம், அவன் பாவத்தை நான் சுமக்கிறேன் என்று பொருத்தனை செய்திருப்பதாக எழுதியிருக்கிறாய். வார்டில் மயங்கி விழுந்ததைக்கூடக் காணிக்கை போட்ட மாதிரி எழுதியிருக்கிறாய். நர்ஸே விழுந்தால் அந்த அயர்லாந்து நோயாளிகளை யார் பார்ப்பது?

கம்பெனியில் தகடு அடிக்கும் எங்கள் பிரஸ் ஷாப்பில் ஒரு சட்டம் உண்டு. மெஷினுக்குள் ரிப்பேருக்கு இறங்குகிறவன், வெளியே யாரும் ஓடவிடாதபடி மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், நான்கு பேர் இறங்கினால் நான்கு பூட்டு. ஒருமுறை மெஹபூப் பாஷா பூட்டை மறந்து வந்தார், பரவால்ல பாய், என் பூட்டே ரெண்டு பேருக்கும் போதும் என்று நான் பெரிய மனுஷனாட்டம் சொன்னேன். என் வேலை முடிந்ததும் பழக்கதோஷத்தில் அதைக் கழற்றிக்கொண்டு டீக்குப் போய்விட்டேன், அவர் உள்ளேதான் இருந்தார். மெஷினை ஓட்டலாம் என்று சுவிட்சில் கை வைத்தவனை யாரோ கத்தி நிறுத்தினார்கள். என்னக் காப்பாத்தறன்னுட்டு நீ டீ குடிக்கப் போயிட்டியே அருளப்பா என்று பாய் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் பொருத்தனையும் அந்தப் பூட்டுதான். எல்லாருக்குமாக ஒரே பூட்டுப் போட ஒருவரால்தான் முடிந்தது, அவர் கழற்றிக்கொண்டு போகிறவர் அல்ல, தன் உயிரையே அங்கே சிலுவையில் வைத்தார். அதில் ஏதோ குறைகிற மாதிரி நீ உன் சாப்பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறாய். இரட்சிப்பு இலவசம் என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. தம்பிக்காக ஜெபி, போனில் கூப்பிட்டுத் திட்டு, அது அன்பு. அவனுக்கு மீட்பராக நிற்காதே, அந்த இடம் காலி இல்லை.

உன் கடிதத்தை அவனிடமே கொடுத்தேன், தப்பென்றால் தப்பு. வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குக் குடிக்கப் போகாமல் நான்கு நாள் ஆகிறது. விட்டுவிட்டான் என்று சொல்ல மாட்டேன், நான்கு நாள் என்று மட்டும் சொல்கிறேன். இன்று ஆராதனை முடிந்து சாப்பிட உட்கார்ந்ததும், நானா அவளப் பட்டினி கெடக்கச் சொன்னன், அவ சாப்புடற வரைக்கும் எனக்கும் வேணாம் என்று தட்டைத் தள்ளிவிட்டான். ஒருத்தர் செத்தது போதாதா, இந்த வீட்ல இன்னும் ரெண்டு ரட்சகரு வேணுமா என்று கரண்டியோடு நிற்கிறாள் அம்மா.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைபட்ட நோயாளிகள் எழுந்து நடக்கட்டும். இதை போட்டோ எடுத்து இப்போதே அனுப்புகிறேன், அங்கே காலைச் சாப்பாட்டு நேரம்தான். சாப்பிட்டு முடித்துக் காலித் தட்டைப் படம் எடுத்து அனுப்பு, எனக்கல்ல, அவனுக்கு. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கோழிக்குழம்பு ஆறுகிறது.

உன் அப்பா
அருளப்பன்