தூங்காமல் எழுதிய தேர்வு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? நான் நலம். போன வாரத் தேர்வில் ஒரு வேடிக்கை. மூன்று நாள் தூங்காமல் படித்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பெயர் எழுதும் இடத்தில்கூட அப்பா பெயரை எழுதிவைத்திருக்கிறேன்.

"யாரும்மா இவரு? நம்ம லிஸ்ட்லயே இல்லையே!" என்றார் பேராசிரியர்.

"எங்கப்பா சார்."

"அப்போ அவரையே எழுத அனுப்பியிருக்கலாமே!"

நானும் சிரித்துவைத்தேன். "தூங்கினாத்தாம்மா படிச்சது மனசுல நிக்கும்" என்று இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். அதுதான் கடைசி.

எனக்குத் தூங்கத்தான் பயம், அம்மா. அப்பா போன அன்று நீ பதினோரு முறை கூப்பிட்டபோதும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

தினமும் படுக்கும்முன் ஒரு மிஸ்டு கால் கொடு. எடுக்க மாட்டேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்தால் தூங்கிவிடுவேன்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உன் பெரியவள்