ஓடுபாதைக்கு எட்டாத தீயணைப்பு நிலையம்

செவ்வாய்க்கிழமை இரவு, கட்கி

புதிய விமான நிலையத்துக்கான வரைபடத்தில், தீயணைப்பு நிலையத்தை ஓடுபாதையின் நடுப்பகுதிக்கு எதிரே வைத்திருந்தேன். அங்கிருந்து கிளம்பினால்தான் வண்டிகள் இரண்டு முனைகளையும் மூன்று நிமிடத்துக்குள் எட்டும். இன்றைய கூட்டத்தில் அந்த இடத்தைப் பெரிய மனிதர்களின் ஓய்வறைக்குக் கொடுத்துவிட்டார்கள். உட்கார்ந்தபடியே அவர்கள் விமானம் பார்க்க வேண்டுமாம். தீயணைப்பு நிலையம் சரக்குக் கிடங்குக்குப் பின்னால் போய்விட்டது.

வண்டி சுற்றி வர நேரமாகும் என்றேன். தினமுமா விமானம் எரிகிறது என்று மேலாளர் ராகவன் இந்தியில் கேட்டார். அறையே சிரித்தது.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். "நீ நம்ம ஊர்ப் பொண்ணு, அதான் சொல்றேன். மூணு நிமிஷத்துல போயிடலாம்னு ஒரு கையெழுத்து போட்டுடும்மா."

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் தமிழில் பேசியதே இல்லை. இதற்குத்தான் தமிழ் வந்தது.

"அது பொய் சார். நான் போட மாட்டேன்."

"அப்போ இது வேணாம், நாளைலேர்ந்து சாகண்ல கட்டுற ஃபேக்டரி வேலையப் பாரு."

மதியத்துக்குள் பக்கத்து மேசை நிகில் கையெழுத்துப் போட்டுவிட்டான். பிறகு என் பக்கம் திரும்பாமலே வடா பாவ் தின்றான். எப்படி இறங்கியதோ.

காலையில் சாகணுக்குப் போகப் போவதில்லை. திட்டத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய தீயணைப்பு அதிகாரியை நேரில் பார்த்துச் சொல்லிவிடுவேன். வேலை போய்விடும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.