கடல்பாலத்தின் இரண்டு பதிவுகள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

பெரியம்மா மகன் குமரன் அண்ணன் இன்று தன் யூடியூப் பக்கத்தில் கடல்பாலம் ராக் குழுவைப் பற்றிப் பேசினார். அத்தனையும் நான் அவரிடம் சொன்னது. ஒரே பாட்டுதான். தொண்ணூறுகளின் கச்சேரியில் டிரம்ஸ்காரர் போகப் போக வேகம் கூட்டுவார், பாடகர் மூச்சிரைக்கத் துரத்துவார். இப்போதைய கச்சேரியில் தாளம் அசைவதே இல்லை. உச்ச வரியைக் கூட்டம்தான் பாடுகிறது. இரண்டு பதிவுகளையும் திரும்பத் திரும்பக் கேட்டுக் கண்டுபிடித்தவள் நான்.

மாலையில் அண்ணன் வீட்டுக்கு வந்தார். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அண்ணே, எம் பேர சொல்லவே இல்லியே?" என்றேன்.

"ஃபார்ம் த்ரீயோட படிப்ப நிறுத்துன புள்ள நீ. ஒம் பேர சொன்னா எவன் லா நம்புவான்?" என்று சிரித்தார். "சனிக்கிழமை அந்த டிரம்ஸ்காரரே நேரலைக்கு வர்றாரு. பழசு, புதுசு ரெண்டையும் பேர் போட்டு அனுப்பு. நான் வெளக்குறேன்."

அனுப்பிவிட்டேன். பழையதற்குப் 'புதுசு' என்றும் புதியதற்குப் 'பழசு' என்றும் பெயர் போட்டேன். பழைய பதிவின் கேசட் இரைச்சலை எப்போதோ நீக்கிவிட்டேன். காது கொடுத்துக் கேட்டால் மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

டிரம்ஸ் வாசித்தவர் முன்னாலேயே அண்ணன் உளறப்போகிறாரே என்று மனம் கொஞ்சம் இளகியது. மாற்றி அனுப்பக் கைப்பேசியை எடுத்தேன். அதற்குள் பதில் வந்திருந்தது: "ரெண்டும் முழுசா கேட்டேன், சூப்பர் லா."

இரண்டும் சேர்ந்து பதினொரு நிமிடம். நான் அனுப்பி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.